ஒன்பதாவது மாடிச் சுவர்

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை என்கிறீர்கள், அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பணம் வெள்ளிக்கிழமையே அனுப்பியாயிற்று.

நாள் முழுக்க அப்படி என்ன பெயின்ட் வேலை என்று கேட்டீர்களே. உங்கள் தொழிலுக்கு நேர் எதிர் தொழில். நாற்பது வருஷம் நீங்கள் சுவரில் எழுதினீர்கள். உங்கள் பிள்ளை பாதி நாள் சுவரில் எழுதியதை அழித்துக்கொண்டிருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் எதிர்ச் சுவரில் சிவப்பு எனாமலில் ஒரு வீட்டு நம்பர், பக்கத்தில் ஓ, ஒரு டாலர் குறி, பி, இன்னொரு டாலர் குறி. வாங்கின கடனைக் கட்டு என்று அர்த்தம். இங்கே கந்துவட்டிக்காரனை ஆலோங் என்பார்கள். அவன் ஆள் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிட்டுப் போவான். அந்த வீட்டுக் கதவிலும் ஒரு டப்பா சிவப்பை ஊற்றியிருந்தான். கதவைத் திறந்தது எழுபது வயதைத் தாண்டிய சீனப் பாட்டி. கடன் வாங்கியவன் முன்னால் அங்கே குடியிருந்தவனாம், காலி செய்துகொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறதாம்.

சிவப்பின் மேல் வெள்ளையை அப்படியே அடித்தால் ரோஸாகக் கசிந்து மேலே வரும், உங்களுக்குத் தெரியாததா? சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் ஒரு கோட் கொடுத்துக் காயவிட்டு, அப்புறம் வெள்ளை இரண்டு கோட். பாட்டி ஒரு மைலோ பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு வராது. கிளம்பும்போது என் கையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

எழுதினவன் அகப்பட்டால் சிறை, அபராதம், பிரம்படி. பல சமயம் அவனே கடனைக் கட்ட முடியாமல் இந்த வேலைக்கு வந்து மாட்டியவனாக இருப்பான் என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். இங்கேயே பிறந்த தமிழர், சட்டமெல்லாம் விரல்நுனியில்.

ஆலோங் விவகாரத்துக்குத் தனிச் சட்டம். மற்றபடி சுவரில் கிறுக்கினால் 1966-இல் வந்த நாசவேலைச் சட்டம். 2,000 வெள்ளி (இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்) வரை அபராதம் அல்லது 3 வருஷம் வரை சிறை, அதற்கு மேல் 8 வரை பிரம்படியும் விழலாம். பிரம்பு என்றதும் உங்கள் வாத்தியார் கைப்பிரம்பை நினைக்காதீர்கள். நாலடி நீளம், அரை அங்குலத் தடிமன். டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடிப்பார்களாம். தழும்பு போகாது என்கிறார்கள். பெயின்டுக்கு இது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. பாட்டியின் கதவைப் பார்த்த அன்று மட்டும் அப்படிப் படவில்லை.

1994-இல் மைக்கேல் ஃபே என்று 18 வயது அமெரிக்கப் பையன், கார்களில் ஸ்ப்ரே அடித்த வழக்கு. 4 மாதம் சிறை, 3,500 வெள்ளி அபராதம், 6 பிரம்படி. அதிபர் கிளிண்டனே கேட்டுப் பார்த்தும் ஆறு நாலானதே தவிர, அடி நிற்கவில்லை. 2010-இல் ஒரு சுவிஸ்காரர் சாங்கி ரயில் பணிமனை வேலியை வெட்டி உள்ளே போய்ப் பெட்டியில் வரைந்துவிட்டார். ரயிலும் அந்தப் படத்தோடேயே ஓடியிருக்கிறது, பார்த்தவர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார்களாம்! 5 மாதம், 3 அடி என்று தீர்ப்பு. அப்பீலுக்குப் போனார், 5 மாதம் 7 மாதமாயிற்று.

உங்களுக்குச் சொல்ல வந்ததே இனிமேல்தான். இந்தச் சட்டம் வந்தது விடலைப் பையன்களின் கிறுக்கலுக்காக மட்டும் இல்லையாம். அந்தக் காலத்தில் பாரிசான் சோசியாலிஸ் என்ற எதிர்க்கட்சிக்காரர்கள் சுவர் சுவராகக் கோஷம் எழுதினார்களாம், லீ குவான் யூ அரசாங்கம் அதற்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தது என்கிறார் சூப்பர்வைசர். கேட்டதும் எனக்கு நம் ஊர்ச் சங்கக் கடைச் சுவர்தான் கண்ணுக்கு வந்தது. நீங்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கட்சிச் சின்னம் வரைய, நான் நீல டப்பாவைப் பிடித்துக்கொண்டு தூங்கி விழுந்தது.

இன்னொன்று. பென்சில், கிரேயான், சாக்பீஸ் மாதிரி அழிந்துபோகிற எதனாலாவது எழுதினால் முதல் தடவைக்குப் பிரம்படி கிடையாதாம். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே கரிக்கட்டியால் கட்சிப் பெயரும் வருஷமும் எழுதி மூலையில் இடம் பிடித்து வைப்பீர்களே, அது அநேகமாகத் தப்பிவிடும். தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து "அண்ணே, எழுதிக்கட்டுமா?" என்று நீங்கள் வாங்கிய சம்மதம் எதுவும் இங்கே செல்லாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களை அடிக்க மாட்டார்களாம், அதனால் நீங்கள் பயப்படாமல் வரலாம். ஜெயில் மட்டும்தான். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டாதீர்கள், சிரிக்க மாட்டாள்.

லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் அனுமதியோடு வரைந்த பெரிய பெரிய சுவர்ப் படங்கள் இருக்கின்றன. அடுத்த லீவில் போய்ப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இப்போதைக்கு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டடத்தின் பக்கச் சுவரிலும் அதன் நம்பரை ஆள் உயரத்துக்கு எழுதுவார்கள். புது பெயின்ட் அடித்த ஒன்றில் கோடு போட்டு, அவுட்லைன் கொடுத்து எழுத என்னை விட்டார்கள். தொங்குதொட்டிலில் நின்றுகொண்டு எழுதினேன். 6-இன் வயிற்றைப் பாருங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி வந்திருக்கிறதா, இல்லை கீழே கொஞ்சம் பருத்துவிட்டதா? பதில் எழுதுங்கள்.

உங்கள் மகன்,
செல்வம்