டேங்கின் பிரீதர் ஹோஸையும் சோதனையில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். மைலேஜ் குறைகிறதா, இன்ஜின் கெடுமா என்பதே பெரும்பாலும் பேச்சாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. பழைய வண்டிகள் சிலவற்றில், 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குச் செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்று அதில் ஒரு வரி வந்தது. எந்த ரப்பர் பாகம் என்று அந்த வரியில் இல்லை. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அது பெட்ரோல் டேங்கின் பிரீதர் ஹோஸ், அதாவது டேங்கில் இருக்கும் காற்று வெளியேறும் ரப்பர் குழாய்.

நான் ராணுவத்தில் இஎம்இ பிரிவில் வண்டி பழுது பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரியில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் மாருதி ஜிப்ஸி. 1985-ல் வந்த ஒரு லிட்டர் ஜிப்ஸியும் இங்கே இன்னும் ஓடுகிறது, 1996-ல் வந்த 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங்கும் ஓடுகிறது. தோட்ட வேலைக்கு, காட்டுப்பாதைக்கு, மழையில் கரைந்துபோன மண் ரோட்டுக்கு இதைவிட எடை குறைந்த, நம்பகமான வண்டி கிடையாது. இப்போது புதிதாக வாங்கவும் முடியாது. அதனால் இருப்பதைப் பத்திரமாக ஓட்டியாக வேண்டும்.

பிரீதர் ஹோஸ் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பெட்ரோல் பிடிக்கும் வாயிலிருந்து டேங்குக்கு ஒரு பெரிய ரப்பர் குழாய் போகும், அது ஃபில்லர் ஹோஸ். அதையொட்டியே கட்டைவிரல் பருமனில் இன்னொரு குழாய் டேங்கின் மேற்பகுதியிலிருந்து வாய்க்கு வரும், அதுதான் பிரீதர் ஹோஸ். பெட்ரோல் உள்ளே இறங்கும்போது டேங்கில் இருக்கும் காற்று இந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. இது போக, டேங்கில் சேரும் ஆவி வெளியேற மெல்லிய குழாய் ஒன்று தனியாக இருக்கும். கேனிஸ்டர், அதாவது ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பா உள்ள வண்டிகளில், அது முன்பக்கம் அந்த டப்பாவுக்குப் போகும். இவை எல்லாம் ரப்பர். எல்லாம் வண்டிக்கு அடியில், சேறும் வெயிலும் படும் இடத்தில் இருக்கின்றன. 20 வருட ரப்பர் எத்தனால் இல்லாமலேயே வெடிக்கும், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டால் பழைய ரப்பர் ஊறி உப்புகிறது. மறுபடி காயும்போது சுருங்கிக் கெட்டியாகிறது. டேங்க் நிறைவதும் காலியாவதும் மாறி மாறி நடப்பதால் இந்த ஹோஸ் நனைந்து நனைந்து காய்கிறது. அப்புறம் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

மலையில் இது இன்னும் மோசம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். கீழே பங்கில் டேங்கை நிறைத்துக்கொண்டு குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர் ஏறி வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டேங்குக்குள் இருக்கும் ஆவி வெளியே தள்ளுகிறது. வண்டி மூக்கைத் தூக்கியபடி ஏறுவதால் பெட்ரோலும் பின்பக்கம் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் என்று அலை அடிக்கிறது. சமதளத்தில் நிற்கும்போது ஒரு சொட்டுகூட கசியாத விரிசல், இந்தப் பாதையில் கசியும். அதனால்தான் சமவெளியில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் “ஒன்றுமில்லை சார்” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் கோடநாடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் தன் ஜிப்ஸி கிங்கைக் கொண்டுவந்தார். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை. மலை ஏறும்போதெல்லாம் பின் சீட்டில் இருக்கும் குழந்தை வாந்தி எடுக்கிறது. வளைவுதான் காரணம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பெட்ரோல் பம்பை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னோரிடத்தில் டேங்கின் தையலில் எம்-சீல் பூசியிருக்கிறார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில் பிரீதர் ஹோஸ் கசிகிறது என்று சரியாகவே கண்டுபிடித்து, அதைக் கழற்றிவிட்டு, டேங்கின் முனையில் ஒரு துண்டு டியூபை மாட்டி அதற்குள் போல்ட்டை வைத்து அடைத்துவிட்டார்கள்! அன்றிலிருந்து பங்கில் பெட்ரோல் பிடித்தால், பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி (நாசில்) அடிக்கடி நின்றுவிடுகிறது, வாய் வழியாக பெட்ரோல் பீறிட்டு வெளியே வருகிறது என்றார். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் வேறு என்ன நடக்கும்? அந்த பெட்ரோல் பாடி ஓரமாக வழிந்து பின் சக்கரத்தில் இறங்கியிருந்தது. சைலன்சர் அங்கிருந்து அதிக தூரமில்லை.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பிரீதரை அடைப்பது ரிப்பேர் இல்லை. டேங்கின் மூச்சை நிறுத்திவிட்டு வண்டியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது அது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள். காற்றில் ஒன்றரை சதவீதம் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலையாது. கார் ஷெட்டின் தரையிலும், ஒர்க்‌ஷாப்பின் பள்ளத்திலும் தேங்கி நிற்கும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதல் அடையாளம், வாசனை எப்போது வருகிறது என்பது. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வாசனை வந்து, பாதி காலியான பிறகு நின்றுவிட்டால், கோளாறு டேங்கின் மேல்பக்கத்தில்தான். அதாவது ஃபில்லர் ஹோஸ், பிரீதர் ஹோஸ், ஆவிக் குழாய், அளவு காட்டும் மிதவையின் கேஸ்கெட், இந்த நான்கில் ஒன்று. எப்போதும் வாசனை வந்தால் அடிப்பக்கத்தையோ இன்ஜின் பக்கத்தையோ பார்க்க வேண்டும். இரண்டாவது அடையாளம் புழுதி. பெட்ரோல் கசிந்து காய்ந்த இடத்தில் புழுதி கருப்பாக ஒட்டியிருக்கும், அல்லது கழுவிவிட்ட மாதிரி ஒரு கோடு தெரியும். அதனால், தயவுசெய்து வண்டியை வாட்டர் வாஷ் செய்துவிட்டுக் கொண்டுவராதீர்கள். அந்தப் புழுதிதான் எனக்குச் சாட்சி. வெயிலில் நின்ற வண்டியில் மூடி இறுக்கமாக இருந்தால் டேங்குக்குள் கொஞ்சம் அழுத்தம் இருக்கும். அப்போது ஹோஸின் இரண்டு முனைகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். விரிசல் பெரும்பாலும் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அடிப்புறத்தில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது போலத்தான் தெரியும். கையால் வளைத்தால்தான் விரிசல் வாயைத் திறக்கும். அந்த மேற்பார்வையாளர் வண்டியில் கழற்றி ஓரமாகப் போட்டிருந்த பழைய ஹோஸையும் வளைத்துப் பார்த்தேன். டேங்க் பக்க முனையில் மூன்று விரிசல்கள்.

மாற்றும் வேலையில் மூன்று விஷயங்களைத்தான் அழுத்திச் சொல்வேன். மற்றவை எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்தவை.

முதலாவது, எந்த ஹோஸ் போடுகிறோம் என்பது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் டியூப் கூடாது, சில மாதங்களில் மரக்கட்டை போல ஆகிவிடும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸும் கூடாது, பெட்ரோல் பட்டால் உள்ளே உப்பிவிடும். நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும் சிலிக்கான் ஹோஸை இப்போது பையன்கள் விரும்பிப் போடுகிறார்கள். அது சூட்டைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 என்று அச்சிட்டிருக்கும், கூடவே ஆர்6, ஆர்7, ஆர்9 என்று ஏதாவது ஒரு தர எண் இருக்கும். பிரீதருக்கு ஆர்7 போதும். எத்தனால் கலப்பை நினைத்து நான் ஆர்9 கிடைத்தால் அதையே போடுகிறேன். விலை கூடுதல்தான், ஆனால் வேண்டியது ஒன்றிரண்டு அடி நீளம். வளைவு அதிகமுள்ள இடத்தில் நேர் ஹோஸைத் திணித்தால் மடங்கி அடைத்துக்கொள்ளும். அங்கே வார்ப்பிலேயே வளைந்து வரும் கம்பெனி ஹோஸ்தான் சரி.

இரண்டாவது, டேங்கின் இரும்பு முனை. பழைய ஹோஸைக் கழற்றினால் அடியில் துரு இருக்கும். அதன் மேலேயே புது ஹோஸை ஏற்றினால் துரு உள்பக்கத்தைக் கீறிவிடும். சன்னமான எமரித் தாளால் கையாலேயே தேய்க்க வேண்டும். கிரைண்டரோ வயர் பிரஷ் மாட்டிய டிரில்லோ டேங்க் பக்கமே வரக்கூடாது. கிளாம்ப் ஓரம் மடித்ததாக இருக்கட்டும். பல் வைத்த சாதாரண கிளாம்பை முழு பலத்தோடு முறுக்கினால் அதுவே ஹோஸை அறுத்துவிடும்.

மூன்றாவது, ஹோஸ் போகும் வழி. டேங்கிலிருந்து வாய் வரை ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் தொங்கவிட்டால் அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி, காற்று போக முடியாமல் பிரீதர் அடைத்த மாதிரி ஆகிவிடும். ஜிப்ஸியில் டேங்கின் மேல் முனைகளுக்குக் கை போக டேங்கைக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும். சோம்பல்பட்டு அதை இறக்காமல், எட்டிய முனையை மட்டும் மாற்றிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. 40 லிட்டர் டேங்க் முழுவதும் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டும் 30 கிலோ கனக்கும், காலியாக்காமல் தொடவே கூடாது. திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பவுடர் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. இறக்கியதும் எல்லா ரப்பரையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஒன்று வெடித்திருந்தால் அதே வயதில் இருக்கும் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. ஆவிக் குழாயின் முனையில் குளவி மண் வைத்து அடைத்திருப்பதையும் இங்கே அடிக்கடி பார்க்கிறேன், அதையும் ஊதிப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது “உஸ்” என்று காற்றை உள்ளே இழுத்தால் அந்த அடைப்பு இருக்கலாம், அல்லது மூடியின் வால்வு வேலை செய்யாமல் இருக்கலாம்.

அந்த மேற்பார்வையாளர் வண்டியில் இதை எல்லாம் செய்து முடித்து, மேட்டுப்பாளையம் போய் டேங்கை நிறைத்து வரச் சொன்னேன். வாசனை இல்லை, குழந்தையும் வாந்தி எடுக்கவில்லை என்று போனில் சொன்னார்.

ஒரு தனி மெக்கானிக் இதைச் சொல்லி எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? அதனால் உங்கள் நாளிதழ் வழியாகச் சிலரிடம் கேட்கிறேன்.

பெட்ரோல் பங்க் ஊழியர்களே, துப்பாக்கி தானாக நின்ற பிறகு ரவுண்டாக வரட்டும் என்று மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். வண்டிக்காரர் கேட்டாலும் வேண்டாம். ஆவி விரிவதற்காக டேங்கில் விட்டிருக்கும் இடம் அது. அதையும் நிரப்பினால் வெயிலில் நிற்கும்போது பெட்ரோல் நேராக பிரீதர் ஹோஸுக்குள் ஏறுகிறது.

உதிரிபாகக் கடைக்காரர்களே, பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டால் மேலே அச்சு உள்ளதைக் கொடுங்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேடிக் கிடைக்காமல் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. அச்சில்லாத கருப்புக் குழாயை “எல்லாத்துக்கும் இதுதான் போடறாங்க” என்று விற்காதீர்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 15 வருடம் கடந்த சொந்த வண்டிகள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க உங்களிடம் வருகின்றன. லைட்டையும் பிரேக்கையும் புகையையும் பார்க்கிறீர்கள். டேங்க் வாய்ப் பக்கம் குனிந்து, அந்த இரண்டு ஹோஸ்களையும் ஒரு தடவை வளைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கடைசியாக பெட்ரோலிய அமைச்சகத்துக்கு. “சில ரப்பர் பாகங்கள்” என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்காமல், எந்த மாடலில் எந்தெந்த ஹோஸ், என்ன தரத்தில் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் பட்டியல் வாங்கித் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் ஒவ்வொரு பங்கிலும் ஒட்டச் சொல்லுங்கள். தயாரிப்பு நின்றுபோன ஜிப்ஸி போன்ற வண்டிகளும் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வண்டிகளுக்குத்தான் முதலில் தேவை.

இப்படிக்கு,
ஒரு ஜிப்ஸி மெக்கானிக்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.