பட்டியலை நீட்டாதீர்கள், வகுப்பைச் சிறிதாக்குங்கள்

பாடத்திட்டத் திருத்தத்தைக் கையிலெடுத்திருக்கும் பல்கலைக்கழகக் கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

எந்தத் துறையில் பட்டம் பெறுபவராக இருந்தாலும், பண்பாடும் சிந்தனையும் சார்ந்த சில பாடங்களைப் படித்தே தீர வேண்டும் என்ற விதியை நான் மனமார ஆதரிக்கிறேன். அந்தக் கட்டாயப் பாடங்களை ஆண்டுக்கணக்கில் நடத்தி வரும் ஆசிரியை நான். விதி ஏட்டில் இருக்கிறது. வகுப்பறையில் அதற்கு உயிர் குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சீர்செய்யக் கூட்டப்படும் கூட்டங்களே நிலைமையை மோசமாக்குகின்றன என்பதுதான் என் வருத்தம்.

கூட்டத்தில் பேச்சு எப்போதும் பட்டியலில்தான் தொடங்குகிறது. எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது? ஒவ்வொரு துறையும் தன் பாடம் ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும் என்கிறது. மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பணியிடம் ஒதுக்கும் இடத்தில் அப்படிக் கேட்பதைக் குறை சொல்லவும் முடியாது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் முடிக்க ஒரே வழி, எல்லாவற்றையும் சேர்த்துவிடுவது. அடுத்த பருவத்தில் மாணவர் அந்த நீண்ட பட்டியலைப் பார்த்து, ஆய்வக நேரத்தோடு மோதாதது எது, மதிப்பெண் எளிதில் கிடைப்பது எது என்று தேடி எடுக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. எதற்காக இதைப் படிக்கிறோம் என்று நாம் அவருக்குச் சொல்லவே இல்லையே.

பட்டியல் சண்டை புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேற்கத்தியப் பண்பாடு பற்றிய கட்டாயப் பாடத்தை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். 1988-இல் அது மாற்றப்பட்டது. மேற்குக்கு வெளியேயும் பெண்களிடமும் சிந்தனை இருந்திருக்கிறது என்ற அவர்களுடைய வாதம் முழுக்க நியாயமானது. ஆனாலும் புதிய ஏற்பாடும் நிலைக்கவில்லை. 1990-களிலும், 2012-லும், 2021-லும் அங்கே பெயரும் வடிவமும் மாறிக்கொண்டே வந்தன. பிரவுன் பல்கலைக்கழகம் 1969-இலேயே இத்தகைய கட்டாயங்களை எடுத்துவிட்டது. அதுவும் ஒரு நேர்மையான முடிவுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்திலோ, முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919-இல் தொடங்கிய சமகால நாகரிகப் பாடம் இன்றும் நடக்கிறது. அதன் நூல்கள் நெடுங்காலம் ஐரோப்பாவைத் தாண்டவில்லை என்ற குறை அதற்கும் உண்டு. நூல்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. மாறாமல் இருப்பது, ஏறத்தாழ 22 பேர் கொண்ட வகுப்பில் எல்லோரும் ஒரே நூலைப் படித்துவிட்டு வந்து விவாதிக்கும் முறை. இந்த நூறாண்டு வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

அப்படிப்பட்ட வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கண்ணால் கண்டதை நம்பலாமா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறு எந்த அறிவையும் ஏற்காத பூதவாதியிடம் மட்டும் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய்? அடுத்து இஸ்லாமியச் சிந்தனையாளர் அல்-கஸ்ஸாலி. பாக்தாதின் நிஜாமியா கல்விக்கூடத்தில் பெரும்புகழோடு இருந்து, 1095-இல் அதை விட்டு வெளியேறியவர். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது; விண்மீன் ஒரு நாணயத்தின் அளவே தெரிகிறது, கணக்கிட்டால் பூமியைவிடப் பெரிது. கண் பொய் சொன்னதை அறிவு காட்டிக்கொடுத்தது. அந்த அறிவையும் பொய்யாக்கும் இன்னொன்று இருக்காது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தவிக்கிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1641-இல், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டேக்கார்ட் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நிற்கிறார்.

மூன்றையும் சேர்த்துப் படித்த வகுப்பில், கஸ்ஸாலியும் டேக்கார்ட்டும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று ஓர் இயற்பியல் மாணவர் முடித்துவிடப் பார்ப்பார். இல்லை, வெளியே வரும் வழியைப் பார் என்பார் எதிரில் இருப்பவர். டேக்கார்ட் ஐயப்படும் ‘நான்’ இருக்கிறேன் என்பதைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறார். கஸ்ஸாலியோ, வாதத்தால் நான் மீளவில்லை, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டேன் என்கிறார். அப்படியானால் அது தோல்வியா, இல்லை அதிகம் நேர்மையான விடையா? மணி அடித்த பிறகும் இந்த விவாதம் தாழ்வாரத்தில் தொடரும். எந்தப் பண்பாட்டுக்கு எத்தனை நூல் என்று பங்கு பிரிக்கும் பேச்சு அங்கே எழுவதே இல்லை. ஒரே கேள்வி மூன்று நூல்களையும் தானாகவே எதிரெதிரே உட்காரவைத்துவிடுகிறது. இருநூறு பேர் அமர்ந்த அரங்கில், ஒளிப்படக்காட்சியில் மூன்று பெயர்களையும் மூன்று வரிகளில் காட்டிவிட்டுப் போனால் இது நடக்காது. நடந்ததாக நான் கண்டதும் இல்லை.

எழுத்துப் பயிற்சியும் இப்படித்தான். ஒரு மாணவரின் கட்டுரையைப் படித்து, ஓரத்தில் கேள்வி எழுதி, திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்லி, அதையும் படிக்க வேண்டும். இருபது பேருக்கு இதைச் செய்யலாம். நூறு பேருக்குச் செய்ய முடியாது. இப்போது கட்டுரையை இயந்திரமே எழுதித் தருகிறது என்று புலம்புகிறோம். தன் கட்டுரையின் இரண்டாம் பத்தியை ஏன் அப்படி எழுதினேன் என்று மாணவர் ஆசிரியர் எதிரில் அமர்ந்து விளக்க வேண்டியிருந்தால் அந்தப் புலம்பலில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இது. நீண்ட பட்டியலை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் இரண்டு பருவங்களுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பாடம். ஒரு பருவத்துக்கு ஐந்து அல்லது ஆறு நூல்கள் போதும். அவற்றைக் கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எது விடுபட்டது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். எவ்வளவோ விடுபடும்தான். விடுபட்டதைத் தேடிப் படிக்கும் பசியை உண்டாக்க இரண்டு பருவங்கள் போதும். எல்லாவற்றையும் ஊட்டிவிட நான்கு ஆண்டுகளும் போதா.

செலவு கூடும் என்பீர்கள். கூடும், மறுக்கவில்லை. சிறிய வகுப்பு என்றால் ஆசிரியர் அதிகம் வேண்டும். ஆனால் பட்டியலில் கிடக்கும் பாடங்களுக்கும் அறை, தேர்வு, ஆசிரியர் நேரம் என்று இப்போதே செலவாகிறது. கட்டாயப் பாடங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் அந்த நேரத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். சிறிய வகுப்புக்குப் பணமே இல்லை என்ற நிலை வந்தால், பிரவுனைப் போல இந்தக் கட்டாயத்தையே வெளிப்படையாக எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பெயரளவில் ஒரு விதியை வைத்துக்கொண்டு மாணவர்களின் இரண்டு பருவங்களைப் பறிப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாடம் இன்று பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? பணிப் பாதுகாப்பு இல்லாத தற்காலிக விரிவுரையாளர்கள் தலையில். அவர்களில் பலர் மிகச் சிறந்த ஆசிரியர்கள். அடுத்த பருவம் வேலை இருக்குமா என்று தெரியாமலே இதை நடத்துகிறார்கள். மூத்த பேராசிரியர்கள் ஒதுங்கிக்கொள்ளும் பாடத்தை மாணவர்கள் மதிக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தற்காலிகமாக இருப்பவர்களுக்கு நிரந்தரப் பணி கொடுங்கள். மூத்தவர்களின் பணிச்சுமைக் கணக்கில் இந்தப் பாடத்தைச் சேருங்கள், பதவி உயர்விலும் அதற்கு மதிப்புக் கொடுங்கள். துணைவேந்தர் முதல் துறைத்தலைவர் வரை, இந்தத் திருத்தத்துக்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பருவமாவது இந்தப் பாடத்தின் ஒரு பிரிவை, கட்டுரை திருத்துவது உட்பட, தாமே நடத்த வேண்டும் என்று தீர்மானத்தின் முதல் வரியாக எழுதுங்கள். பாடத்தின் பெயரையும் நூல்களையும் அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
கட்டாயப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை