படியில் இறங்குமுன்: டர்பனிலிருந்து மருமகனுக்கு

டர்பன்,
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அக்காவும் அத்தானும் சௌக்கியமா? அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று தனியாக எழுது.

தீயணைப்புப் பயிற்சி முடிந்து சென்னை ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய் என்று தெரிந்ததும் வீட்டில் பாயசம் வைத்தோம். "பேஸ்மென்ட் தீ என்றால் மட்டும் எங்கள் லீடிங் ஃபயர்மேன் முகமே மாறிவிடுகிறது, ஏன் மாமா?" என்று கேட்டிருந்தாய். மூச்சுக்கருவி பழுதுபார்ப்பதும் அதைப் போட்டுப் பழக்குவதும்தான் எனக்கு இங்கே பிழைப்பு என்பதால், போனில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரின் நிலத்தைச் சொல்கிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. டர்பன் என்றால் நீ கடற்கரையை நினைப்பாய். கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால் எல்லாம் மேடும் பள்ளமும்தான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்களை, நிறவெறி அரசு 1960களில் நகரத்திலிருந்து பெயர்த்து சாட்ஸ்வர்த் பக்கம் குடிவைத்தது. அங்கே வீடுகள் சரிவில் நிற்கின்றன. (நம் கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆகிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, ஆனால் தீமிதிக்கு விரதம் தவறாது.) தெருவில் நின்று பார்த்தால் ஒரே தளம். பக்கவாட்டில் இறங்கிப் பின்னால் போனால் அடியில் இன்னொரு தளம், அதற்குத் தனிக் கதவு, பெரும்பாலும் அதில் ஒரு வாடகைக் குடித்தனம். முன்னால் நிற்பவனுக்கு அது பாதாள அறை, பின்னால் நிற்பவனுக்கு அதுவே தரைத்தளம்.

இந்தக் குழப்பம் ஆளைக் கொன்றிருக்கிறது. 1999 மே 30 அன்று வாஷிங்டனில் செர்ரி ரோட்டில் ஒரு வரிசை வீடு எரிந்தது. தீ கீழ்த்தளத்தில். முன்பக்கமாக நுழைந்தவர்கள் அதற்கு மேலே இருந்த தளத்தில் நின்றார்கள். பின்பக்கம் கீழ்மட்டத்தில் இருந்த கண்ணாடிக் கதவு திறக்கப்பட்டது. காற்றுக்குக் காத்திருந்த தீ அந்த வழியே மூச்சு வாங்கி, உள்படி வழியாக மேலே பாய்ந்தது. இரண்டு தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். 2011 ஜூன் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவிலும் சரிவில் கட்டிய வீடு, தெருமட்டத்துக்குக் கீழே தீ, மறுபடியும் இரண்டு உயிர்.

காரணம் எளியது. சாதாரண வீட்டுத் தீயில் சூடும் புகையும் மேலே போகும், நீ அதற்கு அடியில் குனிந்து நுழைவாய். கீழ்த்தளத் தீயில் சூடு வெளியேற இருக்கும் ஒரே வழி, நீ இறங்கப்போகும் அதே படி. எரியும் அடுப்பின் புகைபோக்கிக்குள் தலைகீழாக இறங்குவது போலத்தான். படியின் உச்சியில்தான் சூடு அதிகம். அங்கே உட்கார்ந்து "இறங்கலாமா" என்று யோசிப்பவன் வெந்துபோவான்.

அதனால் வண்டியிலிருந்து இறங்கியதும் பெரியவர்கள் கட்டடத்தைச் சுற்றி வரச் சொல்வதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதே. சுற்றும்போது நீ தேடுவது தீயை அல்ல, தீயின் மட்டத்திலேயே உள்ள இன்னொரு திறப்பை. பின்கதவு, தரையை ஒட்டிய சின்ன ஜன்னல், காற்றுப்போக்கி, நடைபாதையில் பதித்த கண்ணாடி, சரக்கு இறக்கும் பொந்து, கார் இறங்கும் சாய்தளம், ஏசி குழாய் போகும் சந்து. சென்னையில் சரிவு இல்லை, ஆனால் சாய்தளமும் லிஃப்ட் குழியும் இருக்கும். தரைத்தளம் முழுக்கப் புகை, சுவாலை எங்கும் கண்ணில் படவில்லை, சுவரும் தரையும் சேரும் இடத்தில் புகை கசிகிறது என்றால் தீ காலடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள். சுற்றி வந்தவன் வயர்லெஸ்ஸில் "கீழே" என்று மட்டும் சொல்லக் கூடாது. "தெருப்பக்கத்திலிருந்து ஒரு தளம் கீழே, பின்பக்கம் தரைமட்டம், கதவு உண்டு, இன்னும் திறக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். தண்ணீர் ஏறிய ஹோஸ் கையில் இல்லாமல் எவனும் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது.

திறப்பு கிடைத்துவிட்டால், உள்ளே ஆளை அனுப்புமுன் வெளியிலிருந்தே தண்ணீர் அடி. பிராஞ்சை, அதாவது ஹோஸின் முனைக் குழாயை, சிதறாத ஒரே நேர்தாரையில் வைத்து, ஜன்னல் வழியாக உள்கூரையைப் பார்த்துச் சரிவாக அடி. கூரையில் மோதி நீர் மழையாகச் சிதறட்டும். அரை நிமிடம், ஒரு நிமிடம் அடித்தாலே உள்ளே வெப்பம் கணிசமாக இறங்கும். ஸ்பிரே வைத்து ஜன்னல் முழுவதையும் மூடி அடிக்காதே. அது காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும், வெளியேற வேண்டிய சூட்டையும் அடைக்கும். வெளியிலிருந்து அடித்தால் தீ உள்ளிருப்பவர் மேல் தள்ளப்படும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நேர்தாரையில் சோதித்துப் பார்த்த இடங்களில் அப்படி நடக்கவில்லை. கையில் மெல்லிய ஹோஸ் ரீல் மட்டும் இருந்தால் இதை ஆரம்பிக்காதே. இங்கே கட்டடங்களில் மாட்டியிருக்கும் 30 மீட்டர் ரீல் நிமிடத்துக்கு 30 லிட்டர் தந்தால் போதும் என்பதுதான் கணக்கு, குப்பைத்தொட்டிக்கு அது சரி. கீழ்த்தளத்துக்கு நிமிடத்துக்கு 400, 500 லிட்டராவது வேண்டும்.

ஜன்னலே இல்லாத இடமானால் மேல்தளத் தரையில் துளையிட்டு, சுழன்று தெளிக்கும் தலையை இறக்குவார்கள். இல்லையென்றால் உயர்விரிவு நுரையை, அதாவது பல மடங்கு ஊதிப் பெருகும் நுரையை, நிரப்புவார்கள். நுரைக்கு எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போகாது. நுரைக்குள் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அதற்குள் ஆளை இறக்குவது கடைசி வழி.

மேல்தளத்தில் நிற்பது பற்றி ஒன்று. மரச்சட்டத் தரைகளை எரித்துப் பார்த்த அமெரிக்கச் சோதனைகளில், அடியில் பலகை அடைக்காத பழைய கட்டை மரத்தரை 18 நிமிடம் சொச்சம் தாங்கியது. புதுமாதிரி ஐ-வடிவ மரச்சட்டம் சுமார் 6 நிமிடத்தில் விழுந்தது. வண்டி வந்து சேரும் நேரமே அதுதான். கம்பியால் தட்டிப் பார்ப்பதையோ, தெர்மல் கேமராவில் தரை "குளிர்ச்சியாக" தெரிவதையோ நம்பாதே. கேமரா மேற்பரப்பைத்தான் காட்டும். மேலே டைல்ஸும் கம்பளமும் கிடந்தால் அடியில் சட்டம் கரியாகியிருந்தாலும் படம் நல்லதாகவே வரும். சென்னையில் பெரும்பாலும் கான்கிரீட், சட்டென்று விழாது. ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் துண்டு துண்டாகத் தெறிக்கும், கம்பி வெளியே தெரியும். எஃகு 550 டிகிரி வாக்கில் பாதி பலத்தை இழந்துவிடும். மேலும் கான்கிரீட் சூட்டைச் சேர்த்துவைக்கும். தீ அணைந்த பிறகும் அந்த அறை ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் அடித்தால் எழும் ஆவியே தோலை உரிக்கும்.

தி.நகரில் 2017 மே 31 விடியற்காலையில் எரிந்த ஏழு மாடி ஜவுளிக்கடை உனக்கு நினைவிருக்கும். கீழே பிடித்த தீ மேலே ஏறி, மறுநாள் விடியுமுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. ஜவுளி, காகிதக் குடோன்களில் தண்ணீரின் எடையையும் கணக்கில் வை. நிமிடத்துக்கு 500 லிட்டர் வீதம் 20 நிமிடம் அடித்தால் 10 டன். துணிமூட்டை அதைக் குடித்து ஊதி, சுவரைத் தள்ளும். கீழே தேங்கும் தண்ணீர் முழங்காலைத் தொட்டால் லிஃப்ட் குழியும் சம்ப்பும் கண்ணுக்குத் தெரியாது. கம்பால் குத்திக் குத்தித்தான் நடக்க வேண்டும்.

இனி உன் முதுகில் இருக்கும் மூச்சுக்கருவி. 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம் என்றால் 2040 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வகுத்து 51 நிமிடம் என்பார்கள். அதைக் காகிதத்தோடு விடு. ஹோஸை இழுத்து, பயந்து, படி ஏறி இறங்குபவன் 70 லிட்டர் குடிப்பான். 50 பார் கையிருப்பை ஒதுக்கினால் மிச்சம் 24 நிமிடம். கீழ்த்தளத்தில் இன்னொரு வினை, திரும்பும் வழி ஏற்றம். இறங்கித் தீயை அடைய 60 பார் செலவானால், ஏற 90 வைத்துக்கொள். கீழ்த்தளம் என்பதால் கையிருப்பும் 50 அல்ல, 60. ஆக 150 பாரில் திரும்ப வேண்டும். காற்று குறைந்ததும் எச்சரிக்கும் விசில் 55 பாரை ஒட்டித்தான் ஊதும். விசில் கேட்டுத் திரும்பலாம் என்பது மேல்மாடிப் பழக்கம், கீழே அது செல்லாது. வாசலில் பலகை வைத்துப் பெயர், அழுத்தம், நுழைந்த நேரம் எழுத ஒருவர் இல்லாவிட்டால் நுழையாதே. உள்ளே இரண்டு பேர் என்றால் வெளியே கருவி மாட்டித் தயாராக இரண்டு பேர். படியின் தலையில் இரண்டாவது ஹோஸ் ஒன்று. அது தீக்கு அல்ல, உங்கள் படிக்கு. படியில் கூட்டம் கூடாது. நான்கு பேர் நின்றால் கீழே இருப்பவன் வெளியே வர வழியில்லை.

மண்ணுக்கடியில் வயர்லெஸ் செத்துவிடும். படி உச்சியில் நிற்பவர்தான் உன் குரலை வெளியே கொண்டுசேர்ப்பார். அதுவும் அறுந்தால் ஹோஸ்தான் வழி. நம் ஊரிலும் இங்கேயும் அதே அழுத்திச் செருகும் இணைப்பு என்பதால், கழற்றும் காதுகள் உள்ள பெண் பக்கம் பம்பை நோக்கி இருக்கும், அதாவது வாசலை நோக்கி. நாளைக்கே உன் ஸ்டேஷன் ஹோஸில் கையுறை போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார். புகைக்குள் முதல்முறையாகத் தடவுகிறவனுக்கு எல்லா இரும்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இந்த நாட்டு விசேஷம் இரண்டு. ஒன்று, திருட்டுப் பயம். எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி, கதவுக்கு முன்னால் மடக்குக் கேட், அதற்குப் பூட்டு. உள்ளே ஆள் இறங்கும்போதே வெளியே ஒரு குழு கட்டரை எடுத்துக் கீழ்த்தளக் கம்பிகளை அறுக்கத் தொடங்க வேண்டும், உள்ளிருப்பவனின் இரண்டாவது வாசல் அதுதான். கண்ணாடியை மட்டும் தொடாதே, உத்தரவு வரும்வரை. உங்கள் பக்கம் ரோலிங் ஷட்டர். சூட்டில் ஸ்பிரிங் போனால் பின்னால் விழுந்து மூடிக்கொள்ளும், ஹோஸையும் நசுக்கும். முட்டுக்கொடுக்காமல் அதற்கு அடியில் நுழையாதே.

இரண்டாவது, மின்வெட்டு. 2023-இல் அது உச்சத்தில் இருந்தது. இப்போது பெருமளவு தணிந்தாலும், அப்போது வாங்கிய ஜெனரேட்டரும் லித்தியம் பேட்டரியும் கார் நிறுத்துமிடத்திலும் கீழ் அறையிலும் அப்படியே இருக்கின்றன. மெயினை அணைத்தாலும் பேட்டரியும் சோலார் தகடும் உயிரோடு இருக்கும். வெட்டு நேரத்தில் "கரண்ட் இல்லை" என்று தொட்ட கம்பியில் நேரம் முடிந்ததும் கரண்ட் வந்துவிடும், அதனால் வெட்டானாலும் மெயினை இறக்கு. சூடேறிய லித்தியம் பேட்டரி விடும் வெண்புகை நீராவி போலத் தெரிந்தாலும் பற்றக்கூடியது, மூடிய அறையில் வெடிக்கும். சென்னையில் அடுக்குமாடிக் கீழே வரிசையாக மின் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகின்றனவே, அதே சமாச்சாரம்தான்.

கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். எல்பிஜி காற்றைவிட ஏறத்தாழ இரண்டு பங்கு கனம், தரைத்தளத்தில் கசிந்தாலும் படியிறங்கிக் கீழே தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். அளவுக் கருவியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் முழங்காலுக்குக் கீழே பிடி. தீ அணைந்து கிளறும் வேலையில்தான் பலரும் முகமூடியைக் கழற்றுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1200 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 1200 பங்கு, என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் அது மணிக்கணக்கில் நிற்கும். மீட்டர் சொல்லாமல் கழற்றாதே.

உன் ஸ்டேஷன் எல்லைக்குள் எத்தனை கீழ்த்தளக் கடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வழி எது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கு. பகலில் சும்மா போகும்போது பார்த்து வைப்பதுதான் சுலபம். சாய்தளத்தின் உயரத்தையும் குறித்துக்கொள், வண்டி நுழையுமா என்பது அங்கேதான் தெரியும். முதல் பத்துக் கடையை எழுதியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, ஏதாவது விட்டிருந்தால் சொல்கிறேன்.

சின்னவள் உனக்கு ஒரு கையுறை ஜோடி வாங்கி வைத்திருக்கிறாள், தெரிந்தவர் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறோம். அக்காவிடம் சாம்பார்ப் பொடி அரைத்து வைக்கச் சொல். இங்கே மசாலாக்கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாப் பொடியிலும் சிவப்புதான் தூக்கல்.

அன்புடன்,
மாமா