1573ஆ, 1575ஆ?

ஆசிரியருக்கு வணக்கம்.

காதல் கதையோடு காதல் கவிதைகளையும் கோத்துத் தந்த தொடக்ககால ஆங்கில நூல்களில் பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜார்ஜ் காஸ்கோயினின் நூலைப் படிக்க விரும்புவோர், முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். 1573 பதிப்பில் எஃப்.ஜே. என்ற இளைஞனின் கதை இங்கிலாந்தின் வடபகுதியில் நடக்கிறது. கவிதைகளைத் தொகுத்த ஜி.டி. என்பவர், எது எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று இடையிடையே சொல்லிக்கொண்டே போகிறார். நூலின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1575 பதிப்பில் கதை இத்தாலிக்குப் போய்விடுகிறது, ஜி.டி.யும் இல்லை.

1557இல் ரிச்சர்ட் டாட்டல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பிலும் இதே சிக்கல். அதில் கவிஞர் தாமஸ் வயட்டின் கவிதைகளும் உண்டு; அவற்றின் நீண்ட தலைப்புகளை அவரே வைத்ததாக நினைத்துவிடக் கூடாது. அவை அச்சின்போது சேர்ந்தவை. தன்னைக் கைவிட்டவளைப் பற்றிய வயட்டின் கவிதை, கையெழுத்துப்படியில் ‘இத்தனை அன்பாக நடத்தப்பட்டேனே’ என்று குத்தலாகப் பேசும். அச்சில் அது ‘அன்பில்லாமல்’ என்றாகிவிட்டது. ஓசையைச் சீராக்க ஓரிரு சொற்களையும் நுழைத்திருக்கிறார்கள். வயட்டின் தடுமாறும் நடைதான் அந்த வலியைச் சொல்கிறது, ஐயா! கையெழுத்துப்படிப் பாடத்தை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

- ஒரு வாசகர்