கேமரா பொருத்தும் முன் கவனிக்க

வணக்கம். காட்டில் கள்ள வேட்டையைத் தடுக்க, ஆள் நடமாட்டம் கண்டதும் தானாகப் படமெடுக்கும் கேமராவில் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குள்ளதையே எடுங்கள். 850 என்றால் இருட்டில் மங்கலான சிவப்பு தெரிந்துவிடும், வேட்டைக்காரர் பார்த்துவிட்டால் கேமராவே காணாமல் போகும். 940-இன் வீச்சு குறைவு; பாதைக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். உயரம் 2 முதல் 3 மீட்டர், பாதையைச் சாய்வாகப் பார்க்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஆள் கடந்தபின் வெறும் பாதைதான் படத்தில் விழும். முன்னால் உள்ள கிளைகளை அளவாக வெட்டுங்கள். வெயிலில் சூடேறி ஆடும் இலை சென்சாரைக் கிளப்பி பேட்டரியைத் தீர்த்துவிடும். மொட்டையாக வெட்டினாலோ இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

கேமரா படங்களை அலசும் AI மென்பொருளான மெகாடிடெக்டர், விலங்கு, ஆள், வண்டி என்று மட்டுமே பிரிக்கும். வந்தவர் வனக்காவலரா என்பதை ரோந்து அட்டவணை பார்த்து நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். 'ஆள்' என்று சொல்ல அந்த மென்பொருளுக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்ற வரம்பை அதிகம் ஏற்றாதீர்கள், இரவில் பாதி மறைந்த உருவம் தவறிவிடும். பொய் எச்சரிக்கை நாலு வந்தாலும் பரவாயில்லை.

கேமரா இருப்பிடத்தைக் குழுவில் பகிரவே வேண்டாம்.