பெல்ட் புதுசு, பிடிமானம் எதில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு சீட் பெல்ட் போடுவது பற்றிய உங்கள் கட்டுரை, எந்த பெல்ட்டை வாங்கலாம் என்று விரிவாகச் சொல்கிறது. எதில் மாட்டுவது என்பதற்கு மட்டும் இரண்டே வரி. ஆபத்து ஒளிந்திருப்பதோ அங்கேதான்.

மோதும் நொடியில் ஆளின் எடையைப் போலப் பல மடங்கு விசை பெல்ட்டின் முனைகளில் விழும். நாடா தாங்கிவிடும், தரைத் தகரம் தாங்காது. துளை போட்டு வெறும் வாஷர் வைத்து முடுக்கிய போல்ட், தகரத்தைக் கிழித்துக்கொண்டு வாஷரோடு மேலே வந்துவிடும். அதனால் அடிப்பக்கம் குறைந்தது 3 மி.மீ. கனமும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள எஃகுத் தகடு வேண்டும். பந்தயக் கார்களுக்கு எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிக்கும் அளவும் இதுதான். 65 மி.மீ. சதுரமாக வெட்டினால் போதும். மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கூர்முனையே தரையை வெட்டும். துளை போடும் முன் கம்பளத்தை எடுத்துவிட்டு, சுற்றிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்தால் முதல் வேலை வெல்டிங், பெல்ட் பிறகுதான். அடியில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் போகிறதா என்றும் குனிந்து பார்த்தாக வேண்டும். இரு இருக்கைகளுக்கும் நடுவே மேடாக ஓடும் டனலில் மாட்டினால், போல்ட் நுனி அதற்குள் சுழலும் புரொபெல்லர் ஷாஃப்ட்டைத் தொடாத அளவுக்கு இடைவெளி இருக்கட்டும்.

பல கார்களில் தொழிற்சாலையே நட்டுகளை வைத்து அனுப்பியிருக்கும். கம்பளத்துக்கோ உள்ளுறைக்கோ அடியில் மூடிபோட்டுக் கிடக்கும். அதன் மரை பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று, யுஎன்எஃப் எனப்படும் நுண்மரை வகை. பெயின்ட்டும் தாரும் அடைத்திருந்தால் அதே அளவு டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யலாம். கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டைத் திணிக்கவே கூடாது. 12 மி.மீ. போல்ட் மரையைச் சிதைக்கும். 10 மி.மீ. போல்ட் பிடித்ததுபோல் காட்டும், ஆனால் மரையின் விளிம்பில்தான் தொற்றிக்கொண்டிருக்கும்.

ஃபைபர் பாடியும் மரச்சட்டமும் உள்ள கார்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. லோட்டஸ் எலானில் ஃபைபருக்குக் கீழே எஃகு ஷாஸி இருக்கிறது; மார்கனில் மரச்சட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கீழ் முனைகளின் சுமை அந்த எஃகுக்குப் போகும்படி இணைப்பு உலோகப் பட்டை கொடுக்க வேண்டும். மரத்தில் திருகாணி அடித்து மாட்டுவது பெல்ட் போடாததற்குச் சமம்.

கட்டுரை தொடாமல் விட்டது, தோள் மேல் வரும் நாடாவின் பின் முனையை மாட்டும் உயரம். திறந்த இரண்டு இருக்கைக் கார்களில் எளிதாகக் கைக்கு எட்டும் இடம் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) அல்லது இருக்கைக்குப் பின்னாலுள்ள தரை. இரண்டும் தோளுக்குக் கீழே. அங்கே மாட்டினால் நாடா தோளைச் சுற்றிக் கீழ்நோக்கி இழுக்கும். மோதும்போது உடலைப் பின்னால் பிடிப்பதற்குப் பதில் முதுகெலும்பை அமுக்கும். சோதிப்பது சுலபம். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, தோளிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஏறக்குறையக் கிடையாகப் போனால் நல்லது. பந்தயக் கார்களின் பல நாடா பெல்ட்டான ஹார்னெஸ்ஸுக்கே கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சரியக்கூடாது என்பது எல்லை. அதைத் தாண்டினால் குறுக்குக் கம்பி உள்ள ரோல் பார் (இருக்கைக்குப் பின்னால் நிற்கும் எஃகு வளைவு) போட்டு இடத்தை உயர்த்துவதே வழி. இருக்கையின் முதுகு தாங்கிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம், அந்தக் காலத்து மெல்லிய குழாய்ச் சட்டம் மடங்கிவிடும்.

தோள் நாடா தொல்லை என்று இடுப்பு பெல்ட்டோடு நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. பழைய ஸ்டியரிங் தண்டு பலவற்றில் மோதலில் மடங்கும் அமைப்பு கிடையாது. நெஞ்சும் தலையும் அதன்மேல்தான் போய் விழும். இடுப்பு நாடா வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பக்கிள் இடுப்போரம் நிற்கட்டும், வயிற்றின் நடுவே வரக்கூடாது.

நாடா தானே சுருண்டுகொள்ளும் ரீல் பெல்ட் வாங்குவோர், ரீல் எந்தக் கோணத்தில் நிற்கப்போகிறது என்று சொல்லி வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் குண்டோ ஊசலோ சாய்வை உணர்ந்து பூட்டும். நிமிர்ந்து நிற்பதற்கென்று செய்த ரீலைப் படுக்கவைத்தால் நாடா வெளியே வரவே வராது. ரீல் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பலரும் இப்படி மாட்டியவர்களே. சின்னக் கார்களுக்கு ரீல் இல்லாத பெல்ட்டே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஆனால் அதை இறுக்கமாகப் போட்டபிறகும் ஹேண்ட் பிரேக்கும் விளக்கு சுவிட்சும் கைக்கு எட்ட வேண்டும்.

அடுத்த இதழில் போல்ட் அடுக்கின் படம் ஒன்று போடுங்கள்: போல்ட் தலை, பெல்ட் முனை, அலை வாஷர் (நெளிந்த வாஷர்), ஸ்பேசர் (இடைவெளி விடும் வளையம்), தரை, தகடு, நட். முழுதும் இறுக்கிய பிறகும் பெல்ட் முனை கையால் தாராளமாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஸ்பேசர் விடுபட்டிருக்கிறது. கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்