அந்த இருபது நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

ஐ.ஐ.எம். இயக்குநர்களுக்கும், எம்.பி.ஏ. சேர்க்கைக்காக இந்த ஆண்டு கேட் நுழைவுத் தேர்வை நடத்தப்போகும் குழுவினருக்கும் வணக்கம்.

கேட் 2024 எழுதிய சுமார் 2.93 லட்சம் பேரில் நானும் ஒருத்தி. ஊர் அருப்புக்கோட்டை. பி.இ. முடித்து மூன்று வருடம் ஆகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன். இது எனக்கு இரண்டாவது முறை. உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். தேர்வின் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் 60 நிமிடம் என்று 2019 வரை இருந்ததை, இப்போதைய 40 நிமிடத்துக்குப் பதிலாக மறுபடியும் கொண்டுவாருங்கள். ஜூலை கடைசியில் அறிவிப்பு வந்துவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற மாட்டீர்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை ஸ்லாட், எட்டரை மணிக்கு. அப்பாவும் நானும் இருட்டோடு கிளம்பி மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, டீயை மட்டும் குடித்துவிட்டு மையத்துக்குப் போனோம். ஆங்கிலப் பகுதி நன்றாகவே போனது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த எனக்கு அந்த 24 கேள்விகள்தான் பயம். இரண்டு வருடமாகத் தினமும் ஆங்கிலப் பேப்பர் படித்தது அன்றைக்குக் கைகொடுத்தது. அடுத்தது டி.ஐ.எல்.ஆர்., அதாவது தரவுகளையும் தர்க்கத்தையும் சோதிக்கும் பகுதி.

ஐந்து செட், 22 கேள்வி, 40 நிமிடம். ஒரே தகவலை வைத்துக் கேட்கும் நான்கைந்து கேள்விதான் ஒரு செட். முதலில் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எது நம்மால் முடியும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்பார்கள். பார்த்தேன், ஓர் அட்டவணை செட்டை எடுத்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டே வந்தன. பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு கட்டத்துக்கு இரண்டு எண் வந்து நின்றது. எங்கேயோ தப்பு. எங்கே என்று தெரியவில்லை. திரையின் மூலையில் நேரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிமிடத்தில் ஒருவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? உட்கார்ந்து தப்பைத் தேடினால் மற்ற நான்கு செட்டும் போய்விடும். விட்டுவிட்டு நகர்ந்தால் பதினைந்து நிமிடமும் வீண். நகர்ந்தேன். அடுத்த செட்டில் நான்கு கேள்வி போட்டேன். மூன்றாவதில் அவசரப்பட்டு ஒன்று போட்டேன். அது தப்பு, மைனஸ் ஒன்று.

முப்பத்தேழாவது நிமிடத்தில் ரஃப் தாளைத் திருப்பியபோது அந்தப் பழைய அட்டவணை கண்ணில் பட்டது. 'குறைந்தது இரண்டு' என்று இருந்ததை நான் 'சரியாக இரண்டு' என்று எழுதி வைத்திருந்தேன். அவ்வளவுதான் தப்பு. அதைத் திருத்தினால் மீதி தானாக வரும், எட்டு நிமிடம் போதும். என்னிடம் மூன்று நிமிடம் இருந்தது. நம்பிக்கையில்லாமல் ஆரம்பித்தேன். பாதிக் கட்டம் நிரம்புவதற்குள் திரை தானாகவே கணக்குப் பகுதிக்குப் போய்விட்டது. போன பகுதிக்குத் திரும்ப வழி கிடையாது. கணக்கின் முதல் ஐந்து நிமிடம் என் கண்ணில் அந்த அட்டவணைதான் இருந்தது.

டிசம்பரில் முடிவு வந்தது. ஆங்கிலத்திலும் கணக்கிலும் 95-க்கு மேல் பெர்சன்டைல். டி.ஐ.எல்.ஆரில் 62, அதாவது நூறு பேரில் 62 பேரைத்தான் தாண்டியிருக்கிறேன். ஒவ்வொரு பகுதியிலும் எடுத்தாக வேண்டிய கட்-ஆஃப் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசித்தது தப்பு, அது என் தப்புதான். அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தப்பைக் கண்டுபிடித்ததும் நான்தானே. அதைத் திருத்தவும் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு உங்கள் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதிலை நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். 2019-இல் 180 நிமிடத்துக்கு 100 கேள்வி. ஒரு கேள்விக்கு 108 விநாடி. இப்போது 120 நிமிடத்துக்கு 68 கேள்வி. கிட்டத்தட்ட 106 விநாடி. கேள்வியையும் சேர்த்துத்தானே குறைத்திருக்கிறோம், இதில் என்ன குறை என்று கேட்கலாம். கணக்குப்படி சரிதான். ஆனால் டி.ஐ.எல்.ஆரைக் கேள்விக் கணக்கில் பார்க்கக் கூடாது, செட் கணக்கில் பார்க்க வேண்டும். 2019-இல் 60 நிமிடத்தில் எட்டு செட். தப்பான ஒரு செட்டில் பதினைந்து நிமிடம் போனால் கால் பங்கு நேரம் போகும். மிச்சம் 45 நிமிடமும் ஏழு செட்டும் இருக்கும். இன்றைக்கு அதே பதினைந்து நிமிடம் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. மிச்சம் 25 நிமிடம், நான்கு செட். அதிலும் ஒன்றிரண்டு யாராலும் தொட முடியாததாக இருக்கும். ஒரு தடவை சறுக்கினால் எழுந்திருக்க அன்றைக்கு இடம் இருந்தது, இன்றைக்கு இல்லை.

இது யோசித்துச் செய்த மாற்றமாக இருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2020-இல் கொரோனா. ஒரே நேரத்தில் மையத்தில் கூட்டம் சேரக் கூடாது என்று இரண்டு ஸ்லாட்டை மூன்றாக்கினீர்கள். அதற்காக மூன்று மணி நேரத் தேர்வு இரண்டு மணி நேரமானது. அன்றைக்கு அது நியாயம், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லூரிகள் திறந்தன, முகக்கவசம் போனது, தேர்வு அறையில் பழையபடி வரிசையாக உட்காருகிறோம். அந்த 20 நிமிடம் மட்டும் திரும்பி வரவேயில்லை. எதற்காகக் குறைத்தீர்களோ அந்தக் காரணமே போன பிறகும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

இதனால் லாபம் யாருக்கு என்றும் பாருங்கள். நேரம் குறுகக் குறுக, எந்த செட்டை விடுவது என்று கண்டுபிடிப்பதே தனி வித்தையாகிவிட்டது. அது பாடத்தில் இல்லை; மாக் எனப்படும் மாதிரித் தேர்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதித்தான் வரும். ஐம்பது மாக் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பணம் வேண்டும், நல்ல இணைய இணைப்பு வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். நான் எழுதியது பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு, அன்றைக்கும் வீட்டு வேலை இருக்கும். 2024-இல் விண்ணப்பக் கட்டணமே 2,500 ரூபாய். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐ.ஐ.எம்.களில் பொறியியல் படித்த பெருநகரத்துப் பிள்ளைகளே நிரம்பியிருக்கிறார்கள், பலதரப்பட்டவர்கள் வர வேண்டும் என்று நீங்களே கருத்தரங்குகளில் பேசுகிறீர்கள். வாசலை இவ்வளவு குறுக்கி வைத்துக்கொண்டு உள்ளே ஏன் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று கேட்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

மன்னியுங்கள், கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். மறுபடியும் கேட்க வந்ததற்கே வருகிறேன்.

மூன்று மணி நேரத் தேர்வை ஒரே நாளில் மூன்று ஸ்லாட்டில் நடத்துவது கடினம் என்பது எனக்கும் புரிகிறது. எழுதுகிறவர்களும் 2019-ஐவிட அதிகமாகிவிட்டார்கள். ஆனால் 2014-இல் நவம்பர் 16, 22 என்று இரண்டு நாளில் நான்கு அமர்வாக நடத்தியது நீங்கள்தான். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பல நாட்கள் நீட்டியும் நடத்தியிருக்கிறீர்கள். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் கேள்வித்தாள் கடினம் மாறுவதைச் சரிக்கட்டும் முறை இப்போதே உங்களிடம் இருக்கிறது. மூன்று ஸ்லாட்டுக்குச் செய்வதை நான்குக்குச் செய்வது உங்களுக்குப் புதிதில்லை. ஜே.இ.இ. மெயின் பல நாட்கள் நடக்கிறது, ஒவ்வொரு ஷிப்டும் மூன்று மணி நேரம்.

ஒரு பகுதியின் நேரத்தில் வேறு பகுதிக்குப் போக விடாத பகுதிப் பூட்டை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 2015-இலிருந்து அது இருக்கிறது, அதற்கு எல்லோரும் பழகிவிட்டோம். கேள்வியை எளிதாக்கவும் கேட்கவில்லை, கடினமாகவே வையுங்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவருக்கு 99 பெர்சன்டைல் வருகிற தேர்வு இது, அதன் கடினத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முன்பு இருந்த 60 நிமிடத்தை, முன்பு போலவே எட்டு செட்டோடு, திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எல்லாப் பகுதிக்கும் முடியாது என்றால், இந்த ஆண்டு டி.ஐ.எல்.ஆருக்கு மட்டுமாவது செய்து பாருங்கள்.

நவம்பரில் நான் மறுபடியும் எழுதுவேன். ஜூலை அறிவிப்பில் 'கால அளவு' என்ற வரியைத்தான் முதலில் பார்ப்பேன். அதை எழுதுவதற்கு முன்னால் உங்கள் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தேர்வர்